முதல் வரி

அத்தியாயம் பதினொன்று

"அப்பா, லீவு விட்டா எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போகுதாங்க. நம்ம ஊரு எங்கன இருக்கு?"

ஞானபாக்கியம் ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. அப்போது அவள் அப்பா குற்றாலத்து மிஷன் பங்களா வாசலில், சாரலில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்.

"போறதுக்கு ஊரு இல்லாதவங்க வந்து சேருததுக்கு ஒரு ஊரு வேணும்லா பாப்பா? அங்கனதான் நாம இருக்கோம்."

பதில் அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அதே கேள்வியைக் கேட்பதற்கு இன்று சாயங்காலம் ஒரு கூட்டமே வேதக்கோயிலுக்கு வரப்போகிறது. பதில் சொல்ல வேண்டியவர் பட்டாசல் கூடத்தில், பெட்டிக்குள், கைகளை மார்பில் வைத்துப் படுத்திருந்தார்.

அவள் அப்பா ஆசீர்வாதம் ஐயா செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கண்ணை மூடினார். குற்றாலத்திலிருந்து அவரைத் தென்காசிக்கு, மகன் நல்லதம்பியின் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புதன்கிழமை நாலு மணிக்கு அடக்கம்.

பங்களாக் காவல்காரர் என்பது அவருடைய உத்தியோகம். அவரை ஊர் அறிந்தது வேறொன்றுக்காக.

புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று ஒவ்வொரு சீசனுக்கும் எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வருவார்கள். தலை நிறைய எண்ணெயை வைத்து, கையைக் கயிற்றால் கட்டி, தண்ணீருக்குள் தள்ளுவார்கள். சிலருக்குத் தெளியும். தெளியாதவர்களில் சிலரை, சாரல் நிற்கிற சமயத்தில், சொந்த பந்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி விடப்பட்டவர்களை ஆசீர்வாதம் பங்களாவின் பின்கட்டுக்கு அழைத்துவந்தார். குளிப்பாட்டினார். சோறு போட்டார். ஊர் பெயர் சொல்லத் தெரிந்தவர்களை ரயிலேற்றித் தானே கூட்டிக்கொண்டு போனார். சில கதவுகள் திறந்தன. திறக்காத கதவுகளிலிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்காக அவர் யாரையும் குறை சொல்லி ஞானபாக்கியம் கேட்டதில்லை. ராத்திரி ஜெபத்தில் விடப்பட்டவர்களுக்காக ஒரு வரி இருக்கும். விட்டுவிட்டுப் போனவர்களுக்காக இரண்டு வரி இருக்கும்.

அது ஏன் என்று, போன சனிக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது.

*

காலையிலேயே பாளையங்கோட்டையிலிருந்து செல்லப்பா வந்துவிட்டார். நல்லதம்பியின் மகள் எஸ்தரைத் தன் மகனுக்குப் பேசியிருக்கிறவர். தை மாதம் கல்யாணம் என்று வாய்வார்த்தை ஆகியிருந்தது. பெட்டியருகே வெகுநேரம் நின்று அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

பிறகு நல்லதம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். ஞானபாக்கியம் ஜன்னலோரம் நின்றிருந்ததால் அவள் காதிலும் விழுந்தது.

"சார்வாள், ஒண்ணே ஒண்ணு. ஜீவிய சரித்திரத்தில பூர்வீகத்தைத் தெளிவா எழுதிருங்க. எங்க ஆளுக ரெண்டு பிளஷர் கார்ல வருதாங்க."

"எழுதிருதேன் அண்ணாச்சி."

"எனக்கு ஐயா பேரு ஒண்ணே போதும். அவரு எந்த ஊரா இருந்தா என்ன? ஆனா பெருசுகளுக்கு அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் வாசிக்கும்போது தூங்குவாங்க. முதல் வரிக்கு மட்டும் முழிச்சிருப்பாங்க."

அடக்க ஆராதனையில் இறந்தவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பது அந்தப் பக்கத்துச் சபைகளில் வழக்கம். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பார்கள், குருவானவர் வாசிப்பார். இன்ன ஊரில், இன்னாருக்கு மகனாக, இன்ன வருடம் பிறந்து என்றுதான் அது தொடங்கும். எவ்வளவு ஏழையானாலும் அந்த முதல் வரி இல்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை.

ஆசீர்வாதத்துக்கு அந்த வரி இல்லை.

*

நல்லதம்பி ஹைஸ்கூல் வாத்தியார். காகிதமும் பேனாவுமாகக் கிணற்றடிக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"ஏட்டி பாக்கியம், நீதானே கூட இருந்தே. அப்பா ஏதாவது சொன்னாரா?"

புருஷன் தவறிப்போனபிறகு குற்றாலத்துக்கே திரும்பி வந்து அப்பாவுக்குத் துணையாக இருந்தவள் அவள். கடைசிப் படுக்கையிலும் அவள்தான் கூட இருந்தாள்.

"சொன்னாங்க அண்ணே."

"எந்த ஊராம்?"

"பிறந்தது கண்டிச் சீமையில, ஒரு தேயிலைத் தோட்டத்தில. அவங்க அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாம். குற்றாலத்தில குளிச்சா சரியாகும்னு, அவங்க ஐயா ரெண்டு பேரையும் கப்பலேத்தித் தூத்துக்குடியில இறக்கி, வண்டியில இங்கன கூட்டியாந்திருக்காரு. அப்பாவுக்கு அப்போ ஏழு வயசு. கொஞ்ச நாள் குளிக்க வச்சாராம். ஒருநாள் காலையில, தென்காசிக்குப் போயி எண்ணெய் வாங்கியாறேன்னு போனவரு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

நல்லதம்பி பேனாவை மூடினார்.

"அந்த அம்மா?"

"ஐப்பசி மழையில போய்ட்டாங்களாம். அதுவரைக்கும் நல்லகண்ணுன்னு ஒருத்தரு, அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சுவிட்டுப் பிழைச்சவரு, ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்தியிருக்காரு. பொறவுதான் உபதேசியார் பாத்துக் கூட்டிட்டுப் போயி ஞானஸ்நானம் கொடுத்தது. 'நல்லகண்ணுக்குப் பிள்ளைகுட்டி இல்ல. அந்தக் கடனை நான் யாருகிட்டக் கொண்டுபோய்க் கொடுக்க? அதான் கண்டவங்களுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டு இருக்கேன்'னு சொல்லிச் சிரிச்சாங்க அண்ணே."

"அவங்க ஐயா பேரு?"

"கேட்டேன். பேரு தெரியும், சொல்லமாட்டேன்னுட்டாங்க. 'சொன்னா நீங்க அவரைப் பழிப்பீங்க. அவருக்கு என்ன கஷ்டமோ'ன்னாங்க."

கிணற்றுச் சகடை காற்றில் லேசாக முனகியது.

"இதை எழுத முடியுமா பாக்கியம்?"

"ஏன் முடியாது?"

"பைத்தியம் பிடிச்ச வம்சம்னு ஒரு வார்த்தை விழுந்துச்சுன்னா, எஸ்தரை யாரு கட்டுவா? இவங்க விட்டுட்டுப் போனாலும் வேற யாராவது வருவாங்களா? அவ பிள்ளைக்கும் வரும்பாங்க. பாட்டனைப் பெத்தவளுக்கு இருந்துச்சும்பாங்க. அப்பாவுக்கு நாம பெருமை சேக்கணும்னு நினைச்சு, அவரு பேத்திய உயிரோட பொதைக்கவா?"

அண்ணன் சொல்வதில் தப்பு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் அப்படித்தான் பேசும் என்பதும் தெரியும்.

"அப்போ பூர்வீகம் தெரியாதுன்னு எழுதுங்க. உண்மையைச் சொல்லாட்டாலும் பொய் வேண்டாம் அண்ணே. அப்பா பெட்டிக்குள்ள இருக்கும்போது வேண்டாம்."

"தெரியாதுன்னு எழுதினா, மறைக்காங்கன்னுதான் நினைப்பாங்க."

அந்த நேரம் பின்வாசலில் உலகம்மை வந்து நின்றாள். அருவிக்கரையில் சீயக்காயும் எண்ணெயும் விற்கிறவள். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

"யக்கா, சொக்கம்மா நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கஞ்சி கொண்டு வச்சேன், தட்டைத் தள்ளிவிட்டுட்டா. பெரியவரு எங்கன பெரியவரு எங்கனன்னு கதவையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் என்ன செய்யட்டும்?"

சொக்கம்மாள் பின்கட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தவள். பாவூர்சத்திரம் பக்கத்துக்காரி. மூன்று தடவை ஆசீர்வாதம் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூன்று தடவையும் திரும்ப அழைத்து வந்திருந்தார்.

"மெதுவாப் பேசு தாயி," என்றார் நல்லதம்பி. "முன்னால ஆளுக இருக்காங்க."

உலகம்மை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுக்குத்தான் பின்னால வந்தேன் ஐயா. எனக்குத் தெரியாதா?"

"சாயங்காலம் வந்திருதேன்னு சொல்லு," என்றாள் ஞானபாக்கியம்.

"சொன்னா அவளுக்கு விளங்கவா போவுது? பெரியவரு முகத்தை நானும் ஒருதடவை பாத்துட்டுப் போறேன்."

*

நாலு மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி கிதிர் முகம்மது, தன் தம்பியை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவருக்காக, மழைத் தூறலில் தொப்பி நனைய நின்றார். இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேர். கடவுளுக்கு அவர்கள் எல்லோருடைய பெயரும் தெரியும்.

செல்லப்பாவின் ஆட்கள் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. குருவானவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை விரித்தார்.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம்முடைய ஆசீர்வாதம் ஐயா அவர்கள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் ஆண்டு, கண்டியில், தோப்புவிளை ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கனம் ஞானமுத்து அவர்களுக்கு மகனாகப் பிறந்து..."

அந்தப் பெயரை ஞானபாக்கியம் அதுவரை கேட்டதே இல்லை.

அண்ணனைப் பார்த்தாள். அவர் குனிந்திருந்தார். எழுந்து நிற்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பக்கத்தில் எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த," என்று எஸ்தர் காதோடு கேட்டாள், "நம்ம ஊரு தோப்புவிளையா? நீங்க சொல்லவே இல்லியே."

அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு ஊர் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

ஞானபாக்கியம் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. தன் தகப்பன் பெயரை யாரும் பழிக்கக் கூடாது என்று எழுபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதருக்கு, யாரோ ஒருவரைத் தகப்பனாக்கிக் குருவானவர் வாசித்துக்கொண்டே போனார்.

முன் பெஞ்சில் செல்லப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் கவனித்தாள். அவர் சட்டென்று பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி என்னவோ சொன்னார்.

*

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். செல்லப்பா மட்டும் நகரவில்லை. நல்லதம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தோப்புவிளை ஞானமுத்து மகனா நம்ம ஐயா?"

நல்லதம்பி தலையை ஆட்டினார்.

"ஏன் இத்தனை நாளு சொல்லல? ஞானமுத்து எங்க தாத்தாவோட அண்ணன்லா! தாத்தா சின்ன வயசிலயே பாளையங்கோட்டைக்கு வந்துட்டாரு, அதான் நாங்க அந்த ஊரைச் சொல்லிக்கிடுததில்ல. கண்டிக்குப் போனவரு, போனவருதான். ஒரு தகவலும் இல்ல. எங்க தாத்தா இன்னும் உயிரோட இருக்காரு. தொண்ணூறு வயசு ஆகுது. இப்பவும் வாசல்ல யாராவது செருப்பைக் கழட்டுத சத்தம் கேட்டா, அண்ணனான்னுதான் கேப்பாரு."

நல்லதம்பி கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "அண்ணாச்சி..."

"அண்ணாச்சி என்ன அண்ணாச்சி, அண்ணன்னே கூப்பிடு. நீ எனக்குத் தம்பில்லா." செல்லப்பா அவரைக் கட்டிக்கொண்டார். "இதுக்குத்தான் கடவுள் என்னை இந்த வீட்டு வாசலுக்குக் கொண்டாந்திருக்காரு பாத்தியா?"

கட்டிக்கொண்ட கைகள் மெல்லத் தளர்ந்தன. ஏதோ ஒன்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தூரத்தில் குடைக்குள் நின்றிருந்த எஸ்தரைப் பார்த்தார்.

"அப்போ எஸ்தர் எனக்கு மக முறைல்லா," என்றார்.

மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என் மகனுக்கு அவ தங்கச்சி. ஒரே பங்காளி வீட்டுக்குள்ள எப்படி..." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா? கவலப்படாதே தம்பி. அவளுக்கு நான் பெரியப்பா. மாப்பிள்ளை பாக்குதது இனிமே என் பொறுப்பு."

"அண்ணாச்சி, நான் சொல்லுததைக் கொஞ்சம்..."

"ஞாயித்துக்கிழமை தாத்தாவைக் கூட்டியாறேன். கண்ணு தெரியாது. ஆனாலும் அண்ணன் மகன் கல்லறையைத் தொட்டுப் பாக்கணும்பாரு. கூட்டியாறேன்."

அவர் போய்விட்டார். இரண்டு கார்களும் சேறு தெறிக்கத் திரும்பிச் சென்றன.

நல்லதம்பி கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"டிரெயினிங் ஸ்கூல்ல கூடப் படிச்ச தோப்புவிளைப் பையன் ஒருத்தன் சொன்ன பேரு பாக்கியம். கண்டிக்குப் போயி வராம போனவரு, வம்சமே அத்துப்போச்சுன்னான். யாருக்கும் கெடுதல் இல்லாத பேருன்னு நினைச்சேன்."

ஞானபாக்கியம் குடைக்குள் நின்ற எஸ்தரைப் பார்த்தாள்.

"பொய்னு சொன்னா, அப்போ நிஜம் என்னன்னு கேப்பாங்க. நிஜத்தைச் சொன்னாலும் கல்யாணம் நிக்கும். சொல்லாட்டாலும் நிக்கும். அந்தத் தாத்தா வேற..." அவர் சின்னப் பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். "நீ சொல்லு. நான் என்ன செய்யணும்? அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"தெரியல அண்ணே," என்றாள் அவள்.

காலையில் உறுதியாகத் தெரிந்த ஒன்று இப்போது கைக்குள்ளிருந்து நழுவிவிட்டது. காத்திருந்து காத்திருந்து கண்ணவிந்த ஒரு கிழவருக்கு, இன்னொருவருடைய கல்லறையைத் தொட்டுப் பார்க்கிற சந்தோஷம் கிடைக்கப் போகிறது. அதைக் கொடுப்பதும் பாவம். பிடுங்குவதும் பாவம். எஸ்தர் குடையைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வா. ரெண்டு பேருமா உக்காந்து யோசிப்போம்."

"நான் குற்றாலத்துக்குப் போகணும் அண்ணே."

"இன்னைக்கா?"

"சொக்கம்மா சாப்பிடல."

அவர் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அவரிடம் இல்லை.

*

பஸ்ஸில் சீசன் கூட்டம். ஈரத் தலைக்குக் குளிர் தாங்காமல் ஒரு குடும்பம் துண்டைப் போர்த்திக்கொண்டு, எந்த அருவியில் தண்ணீர் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தது. அவளுடைய கறுப்புக் கரைச் சேலையைப் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவளும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. காலையில் நீட்டிய காப்பியைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை.

இறங்கியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பங்களாவின் வாசல் முழுக்க இலை உதிர்ந்து கிடந்தது. உலகம்மை கஞ்சிச் சட்டியை அடுப்போரம் மூடி வைத்துவிட்டு, கடையைப் பார்க்கப் போயிருந்தாள்.

பின்கட்டுத் திண்டில் சொக்கம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவரு எங்கன?"

ஞானபாக்கியம் அடுப்பை மூட்டினாள். கஞ்சியைச் சுடவைத்தாள். தட்டில் ஊற்றி, கானப்பயற்றுத் துவையலை ஓரத்தில் வைத்து, அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். சொக்கம்மாள் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கை நீளவில்லை.

சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு பயம். வீட்டில் எப்போதோ தொடங்கிய பயம். அதனால் அப்பா தினமும் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே முதல் வாயை எடுத்துத் தான் உண்பார். அவர் விழுங்குவதைத் தொண்டை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அவள் கையை நீட்டுவாள். உலகம்மைக்கு இது தெரியாது. அப்பா இதை யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை. ஞானபாக்கியமும் கதவிடுக்கு வழியாக ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். வாயில் வைத்தாள்.

இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. சொக்கம்மாள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டால் இவள் இன்றைக்கும் சாப்பிட மாட்டாள். நாளைக்கும் சாப்பிட மாட்டாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

திறந்தபோது சொக்கம்மாளின் கை தட்டில் இருந்தது. முதலில் கொஞ்சம். பிறகு வேகவேகமாக. துவையலை வழித்து நக்கிவிட்டு, தட்டை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினாள்.

ஞானபாக்கியம் இன்னும் கொஞ்சம் கஞ்சியை ஊற்றினாள். மறுபடியும் முதல் வாயைத் தானே எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை அது இறங்கியது.